ஔடதமும் சாத்திரமும்: பெண்மக்கள் உயர்வுக்கு இரு தானங்கள்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தானம் நான்கு வகைப்படும் என்று சமண அறநூல்கள் வகுத்துரைக்கின்றன. பசித்தோர்க்கு உணவளிப்பது அன்னதானம். அஞ்சி வந்தோர்க்கு அடைக்கலம் தருவது அபயதானம். பிணியுற்றோர்க்கு மருந்தளிப்பது ஔடத தானம். அறிவை நாடி வந்தோர்க்கு நூலும் கல்வியும் வழங்குவது சாத்திர தானம். நடைமுறையில் இந்நான்கும் தனித்தனியாகவே செய்யப்படுகின்றன. ஒருவர் அன்னக்கூடம் அமைக்கிறார். மற்றொருவர் மருத்துவமனைக்குப் பொருள் தருகிறார். வேறொருவர் மாணவர்க்கு உதவித்தொகை வழங்குகிறார். ஆயினும் பெண்மக்களின் வாழ்வை முன்வைத்து நோக்கினால், ஔடதமும் சாத்திரமும் ஒன்றையொன்று பிரிந்து நிற்கமாட்டா என்பது புலப்படும். கல்வி பெறாத பெண்ணுக்கு மருந்து சென்று சேர்வதில்லை. உடல்நலம் பெறாத பெண்ணிடம் கல்வி தங்குவதில்லை. இவ்வுண்மையைத் தமிழகம் தன் வரலாற்றில் பெரும் விலை கொடுத்தே கற்றது. அவ்வரலாற்றையும், அது இன்றைய குடும்பங்களிடம் எதிர்பார்க்கும் கடமையையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

குரத்தியர் கற்பித்த நாடு

பெண் கற்பதும் கற்பிப்பதும் இம்மண்ணுக்குப் புதியன அல்ல. கற்பிக்கும் ஆண்துறவியைக் குரவர் என்றும், பெண்துறவியைக் குரத்தியர் என்றும் தமிழ்க் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. கழுகுமலையில் பாறையில் செதுக்கப்பட்ட திருவுருவங்களின் கீழுள்ள எழுத்துகளில் குரத்தியர் பலரின் பெயர்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. வந்தவாசிப் பகுதியில் உள்ள வேடல் என்னும் ஊரில், முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டொன்று கனகவீரக் குரத்தியார் என்னும் ஆசிரியையையும், அவரைச் சார்ந்திருந்த ஐந்நூறு மாணாக்கியரையும் பற்றிப் பேசுகிறது. ஒரு பெண் ஆசிரியையின் கீழ் ஐந்நூறு பேர் என்பது இன்றைய ஒரு பெரிய உயர்நிலைப் பள்ளிக்கு ஒப்பானது. அவர்களுக்கு உணவும் பாதுகாப்பும் அளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றுக்கொண்ட செய்தியையும் அக்கல்வெட்டே தருகிறது. சாத்திர தானம் நிலைபெற அன்னமும் அபயமும் உடன்வர வேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிற்றூர் அறிந்திருந்தது.

இலக்கியமும் இதற்குச் சான்று பகர்கிறது. கண்ணகிக்கு வழித்துணையாக மதுரை வரை நடந்த கவுந்தியடிகள் கற்றறிந்த துறவி. நீலகேசி என்னும் காப்பியத்தின் தலைவி பல சமய அறிஞர்களோடு வாதிட்டு வென்றவள். பெண் கல்வியைப் போற்றிய இத்தகைய நாட்டிலேயே, பிற்காலத்தில் எழுத்தறிந்த பெண்ணைக் காண்பது அரிதாயிற்று. நாடு விடுதலை பெற்றபின் 1951-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 9 பேர் மட்டுமே. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் பெண்கள் இழந்தது எழுத்தை மட்டுமன்று. எழுத்தோடு உயிரையும் இழந்தனர்.

ஓர் இரவில் மூன்று உயிர்கள்

1890-களில் திண்டிவனத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதனைத் தெளிவாக்கும். அவ்வூரில் அமெரிக்க மருத்துவர் ஒருவர் பணியாற்றி வந்தார். அவருடைய மகள் ஐடா ஸ்கடர், நோயுற்றிருந்த தாயைக் கவனித்துக்கொள்ள வந்திருந்த இளம்பெண். ஒரே இரவில், ஒருவர்பின் ஒருவராக மூன்று ஆடவர் அவ்வீட்டுக் கதவைத் தட்டினர். மூவரும் வெவ்வேறு சமூகத்தைச் சேர்ந்தவர்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். மூவரும் அந்த இளம்பெண்ணையே உதவிக்கு அழைத்தனர். தனக்கு மருத்துவம் தெரியாது என்றும், தன் தந்தையே மருத்துவர் என்றும் அவர் சொல்லிப் பார்த்தார். அயல் ஆடவர் தம் மனைவியரைப் பார்க்கலாகாது என்று கூறி மூவரும் திரும்பிச் சென்றனர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோயினர்.

இந்நிகழ்ச்சியை ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வூரில் மருத்துவர் இருந்தார், மருந்தும் இருந்தது, அழைத்தால் வரக்கூடிய தொலைவில்தான் அவர் இருந்தார். அந்த மூன்று கணவர்களும் கல்நெஞ்சர்கள் அல்லர். மனைவியைக் காக்க நள்ளிரவில் ஓடிவந்தவர்கள். ஆயினும் மருந்து படுக்கையைச் சென்றடையவில்லை. கற்ற பெண் ஒருத்தி அங்கே இல்லாமையே அதற்குக் காரணம். பெண்ணுக்குச் சாத்திரம் மறுக்கப்பட்ட ஊரில் ஔடதமும் பயனற்றுப் போயிற்று.

ஐடா ஸ்கடர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1900-ஆம் ஆண்டில் திரும்பி வந்தார். வேலூரில் மருத்துவமனை எழுப்பினார். மருத்துவமனை மட்டும் போதாது என்று கண்டு, 1918-ஆம் ஆண்டில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். இன்று உலகறிந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததே.

சென்னையிலும் இதே உண்மை முன்னரே உணரப்பட்டிருந்தது. வழக்கறிஞர் ஒருவரின் மனைவியாக இங்கு வந்த மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி, பிரசவத்தில் பெண்கள் படும் துன்பத்தைக் கண்டு, 1875-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவரோடு சேர்த்து நான்கு பெண்கள் அவ்வாண்டில் அனுமதி பெற்றனர். பின்னர் 1885-ஆம் ஆண்டில், திரைமறைவில் வாழ்ந்த பெண்களுக்காக அவர் தொடங்கிய மருத்துவமனையே திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் வழங்கும் கஸ்தூரிபாய் காந்தி மருத்துவமனை.

புதுக்கோட்டையில் பிறந்த பெண்

அயல்நாட்டுப் பெண்கள் தொடங்கிய இப்பணியைத் தமிழ்ப்பெண் ஒருவர் தம் கையில் ஏற்று, மருத்துவமனைக்கு வெளியேயும் கொண்டுசென்றார். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். அக்குலத்துப் பெண்களில் பலர் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட காலம் அது. சிறுமியாயிருந்தபோதே அவருடைய வாழ்வு எத்திசையில் செல்லக்கூடும் என்பதைச் சமூகம் ஏறத்தாழ முடிவுசெய்து வைத்திருந்தது.

அம்முடிவை மாற்றியது கல்வி. வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஆண்கள் பயிலும் கல்லூரியில் பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்ததால் கதவு திறந்தது. 1907-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனையில் பணியாற்றினார். 1914-ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். மணவாழ்வு அவருடைய தொழிலை நிறுத்தவில்லை. 1925-ஆம் ஆண்டில் மகளிர், குழந்தைகள் நோய்கள் பற்றிய உயர்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார்.

மருத்துவர் ஒருவர் வாழ்நாள் முழுவதும் நோயாளிகளைப் பார்த்திருந்தாலே அது பெரும் தொண்டு. முத்துலட்சுமி அதோடு நிற்கவில்லை. சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராக நியமிக்கப்பெற்று, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மருத்துவமனையில் கண்ட நோய்களின் வேர் எங்குள்ளது என்பதை அறிந்தவர் சட்டமன்றத்தில் பேசும்போது, அப்பேச்சு தனித்தன்மை பெற்றது. குழந்தைப் பருவத்தில் மணமுடிக்கப்பட்ட சிறுமியின் பிரசவப் படுக்கையருகே நின்றவர் ஆதலின், திருமண வயதை உயர்த்த வாதாடினார். நகராட்சிகளும் பிற உள்ளாட்சி அமைப்புகளும் நடத்தும் பள்ளிகளில் மாணவர்க்கு முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். மகளிர்க்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி கேட்டார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க 1927-ஆம் ஆண்டில் தீர்மானம் கொண்டுவந்தார். அவ்வழக்கத்தை முற்றிலும் தடைசெய்யும் சட்டம் 1947-ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. இடையில் கழிந்த இருபது ஆண்டுகளும் அவர் ஓயவில்லை.

பள்ளிக்குள் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்ற அக்கோரிக்கை சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அதுவே அவருடைய நோக்கின் மையம். சிறுமியைப் பள்ளிக்கு அனுப்புவது கல்வித்துறையின் வேலை, அவளுக்கு மருந்து கொடுப்பது மருத்துவத்துறையின் வேலை என்று பிரித்துப் பார்த்த காலத்தில், ஒரே சிறுமிக்கு இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்று அவர் சொன்னார்.

அபயமும் ஔடதமும்

சட்டம் மட்டும் ஒரு பெண்ணைக் காப்பதில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து விடுபட விரும்பிய சிறுமியர்க்குப் போகுமிடம் வேண்டியிருந்தது. அவ்வாறு அடைக்கலம் நாடி வந்தோரை முத்துலட்சுமி தம் வீட்டிலேயே ஏற்றுக்கொண்டார். 1930-ஆம் ஆண்டில் தொடங்கிய ஔவை இல்லம் அவ்வாறு பிறந்ததே. உணவும் உறைவிடமும் தந்ததோடு அவ்வில்லம் நிற்கவில்லை. பெண்களைப் படிக்க வைத்தது. சொந்தக் காலில் நிற்கும் தொழில்களுக்கு ஆயத்தம் செய்தது. அபயதானம் சாத்திர தானமாக மாறியது. அவ்வாறு மாறாத அபயம் பெண்ணை என்றென்றும் பிறர் கையை எதிர்பார்க்கச் செய்துவிடும்.

அவருடைய தங்கை புற்றுநோயால் உயிரிழந்தார். நோய் முற்றிய பின்னரே அது புற்றுநோய் என்று அறியப்பட்டது. அத்துயரம் முப்பது ஆண்டுகள் அவர் உள்ளத்தில் இருந்தது. புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்டோர் பலர். எல்லோரிடமும் நன்கொடை திரட்டி, 1952-ஆம் ஆண்டில் பிரதமர் நேருவைக் கொண்டு அடையாற்றில் அடிக்கல் நாட்டச் செய்தார். 1954-ஆம் ஆண்டில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அங்குச் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-ஆம் ஆண்டில் மறையும்வரை அதையே தம் வாழ்வாகக் கொண்டார். ஒரு பெண் கற்றதனால் ஒரு மருத்துவமனை எழுந்தது. அம்மருத்துவமனையை இன்னொரு கற்ற பெண் காத்து வளர்த்தார். 1968-ஆம் ஆண்டில் முத்துலட்சுமி மறைந்தார். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரிக் கதவு மூடியே இருந்திருக்குமானால், இவற்றுள் எதுவும் நடந்திராது.

இன்றைய நிலை

இவையெல்லாம் பழங்கதை, இன்று பெண்கள் எல்லாத் துறையிலும் படிக்கிறார்களே என்று சிலர் எண்ணக்கூடும். பெருமளவுக்கு அது உண்மையே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களின் எழுத்தறிவு நூற்றுக்கு 65 என்ற அளவை நெருங்கியது. தமிழக அரசு ஏழைக் கர்ப்பிணிகளுக்கான மகப்பேறு உதவித் திட்டத்துக்கு முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைச் சூட்டியுள்ளது. பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு திருமணத்துக்கு வழங்கப்பட்ட உதவி, 2022-ஆம் ஆண்டு முதல், அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியரின் உயர்கல்விக்கு மாதம் 1000 ரூபாயாக வழங்கப்படுகிறது. திருமணத்துக்கென்று ஒதுக்கிய பணம் படிப்புக்குத் திரும்பியது நல்ல மாற்றம்.

ஆனால் பள்ளியில் அமர்ந்திருக்கும் அப்பெண்ணின் உடல்நிலை என்ன? 2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு தரும் விடை கவலைக்குரியது. இந்தியாவில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தச்சோகை உள்ளது. தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச்சோகை உடையவர்கள். ஏழையர் வீட்டில் மட்டும் காணப்படும் குறை அன்று இது. நெய்யும் பாலும் நிறைந்த வீடுகளிலும் உள்ளது.

இரத்தச்சோகை ஓசையின்றி வரும் நோய். காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. படியேறினால் மூச்சு வாங்கும். பாடத்தில் மனம் பதியாது. மாலையில் புத்தகத்தைத் திறந்தால் உறக்கம் வரும். பெற்றோரும் ஆசிரியரும் சோம்பல் என்று கடிந்துகொள்வர். மாதந்தோறும் இரத்த இழப்பு மிகுதியாக உள்ள பெண், கூச்சத்தால் தாயிடமும் சொல்லமாட்டாள். அப்பெண்ணுக்கு எவ்வளவு உதவித்தொகை தந்தாலும் அவள் முழு ஆற்றலோடு கற்க இயலாது. அவளே பின்னர்த் தாயாகும்போது, பிறர் தாங்கிக்கொள்ளும் இரத்தப்போக்கு அவளுக்கு உயிராபத்தாக முடியும். குழந்தையும் எடை குறைந்து பிறக்கும்.

ஊன் தவிர்த்த உணவை அறமாகக் கொண்ட குடும்பங்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்துதல் வேண்டும். கீரை, பயறு, கேழ்வரகு, எள் ஆகியவற்றில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால் ஏற்கும் அளவு கூடும். உணவோடு காப்பியோ தேநீரோ அருந்தினால் அது குறையும். இவ்வளவு எளிய செய்தியை அறிந்திருப்பதே ஒரு தாய்க்குப் பெரும் மருந்து. கொல்லாமை என்னும் நோன்பைக் கைவிடாமலே மகளின் குருதியைக் காக்க முடியும். அதற்கு வேண்டியது அறிவு.

உண்ணாநோன்பு பற்றியும் ஒரு சொல் கூறுவது பொருத்தம். நோன்பு ஆன்ம வலிமைக்கு உரியது. அதன் பெருமை குன்றாதது. ஆயினும் இரத்தச்சோகை உள்ள பெண்ணும், கருவுற்ற பெண்ணும், பாலூட்டும் தாயும் நீண்ட நோன்பு மேற்கொள்ளுமுன் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். அவர்களை அதற்கு ஊக்குவிக்கும் பொறுப்பு வீட்டிலுள்ள மூத்தோருக்கு உரியது. எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கத்தையோ எந்த அறநூலும் நோன்பு என்று சொல்லவில்லை. அவ்வழக்கம் வீட்டுத்தலைவிக்கு இழைக்கப்படும் அநீதியே.

குடும்பங்களும் அறநிலையங்களும் செய்யத்தக்கவை

முதலாவது, மகளுக்குப் பன்னிரண்டு வயதானதும் ஆண்டுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்தல். கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் அளவு 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும், குடற்புழு நீக்க மாத்திரையையும் மறுக்காமல் உட்கொள்ளச் செய்தல் வேண்டும்.

இரண்டாவது, மாதவிலக்கைப் பற்றித் தாயும் மகளும் தயக்கமின்றிப் பேசுதல். அறக்கட்டளைகள் பள்ளிக்கு வகுப்பறை கட்டிக்கொடுக்கும்போது, தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள பெண்கள் கழிவறையையும் சேர்த்தே கட்டுதல் வேண்டும். அக்கழிவறை இல்லாமையால் மாதம் சில நாள் வகுப்பை இழக்கும் மாணவிக்குக் கட்டிய வகுப்பறை பயன்படுவதில்லை.

மூன்றாவது, புற்றுநோய்த் தடுப்பு. இந்தியப் பெண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய்கள் மார்பகப் புற்றுநோயும் கருப்பைவாய்ப் புற்றுநோயும். பின்னதைத் தடுக்கத் தடுப்பூசி உள்ளது. 9 முதல் 14 வயதுக்குள் இடுவது சிறந்த பயன் தரும். முப்பது வயது கடந்த பெண்கள் மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முத்துலட்சுமியின் தங்கைக்குக் கிடைக்காத வாய்ப்பு இன்று ஒவ்வொரு ஊருக்கும் அருகில் உள்ளது. கூச்சமே தடையாக நிற்கிறது.

நான்காவது, திருமணத்தைக் காட்டி மகளின் படிப்பை இடையில் நிறுத்தாமை. மேற்குறித்த ஆய்வின்படி, இந்தியாவில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 23 பேர் பதினெட்டு வயது நிரம்புமுன் மணம் முடிக்கப்பட்டவர்கள். வசதியுள்ள வீடுகளில் பதினெட்டு கடந்திருக்கலாம். ஆனால் நல்ல வரன் வந்ததென்று பட்டப்படிப்பின் இறுதியாண்டில் நிறுத்தப்படும் பெண்களும் உள்ளனர். அவர்களும் அவ்வழக்கத்தின் எச்சத்தையே சுமக்கின்றனர்.

ஐந்தாவது, அறக்கட்டளைகளுக்கு உரியது. உதவித்தொகை பெறும் ஒவ்வொரு மாணவிக்கும் காசோலையோடு ஒரு மருத்துவப் பரிசோதனையும் சேர்த்து வழங்கலாம். மருத்துவ முகாம் நடத்தும் இடத்தில், படிப்பை நிறுத்திய பெண்களை மீண்டும் பள்ளிக்கு அனுப்பும் ஒரு மேசையும் இடலாம். இதற்குக் கூடுதல் செலவு மிகக் குறைவு. இரண்டு குழுக்கள் தனித்தனியே கூடுவதற்குப் பதிலாக ஒரே அறையில் அமர்ந்தால் போதும்.

திண்டிவனத்தில் இறந்த மூன்று பெண்களின் பெயர் எவருக்கும் தெரியாது. அவர்களைக் காக்கத் தேவைப்பட்டது ஊரில் ஒரேயொரு கற்ற பெண். இன்று கற்ற பெண்கள் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளனர். அவர்கள் நலமோடு வாழவும், கற்றதைத் தமக்கும் பிறர்க்கும் பயன்படுத்தவும் வழிசெய்வது குடும்பத்தின் கடமை, அறநிலையங்களின் கடமை. ஒரு கையில் நூலும் மறு கையில் மருந்தும் ஏந்தி ஒவ்வொரு மகளிடமும் செல்லும் சமூகமே நான்கு தானங்களையும் முறையாகச் செய்த சமூகம் ஆகும்.

எல்லா உயிரும் இன்புறுக.